வல்லூறுக்கு ஒரு வாக்கு

இந்தக் கதையின் தீர்ப்பை உங்களிடம்தான் விடப்போகிறேன். ஆகவே நடந்ததைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள்.

முப்பது வருடங்களுக்கு முன் கோயம்புத்தூரில் நொய்யல் மோட்டார்ஸ் என்ற கம்பெனி, ‘வல்லூறு’ என்றொரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தது. இரண்டே இருக்கை. என்ஜின் முதல் கதவுக் கைப்பிடி வரை அவர்களே செய்தவை. ஐந்நூறு கார்கள்கூட வெளிவரவில்லை, உற்பத்தி நின்றுபோனது. வாங்கியவர்கள் விடவில்லை, சங்கம் வைத்தார்கள். அதன் செயலாளர் திருமூர்த்தி, பாலிடெக்னிக்கில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் விதிகளை எழுதியவரும் அவரே. அவற்றில் ஒன்று: ஒரு காரைப் பற்றி வாக்களிப்பவர் தாம் நம்புவதையே சொல்ல வேண்டும், நம்பாமல் அளித்த வாக்கு செல்லாது.

திருமூர்த்திக்கும் மனைவி சுலோச்சனாவுக்கும் ஒரே மகள், சாருலதா. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது தத்தெடுத்தார்கள். அதை அவளிடம் மறைத்ததும் இல்லை, அதை ஒரு பெரிய விஷயமாகப் பேசியதும் இல்லை. அப்பாவின் வல்லூறுக்கு அடியில் படுத்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள், பொறியியல் படித்து நொய்யல் மோட்டார்ஸிலேயே வேலைக்குச் சேர்ந்தாள்.

அவள் சேர்ந்த மறு வருடம், வல்லூறு மீண்டும் வரப்போகிறது என்று கம்பெனி அறிவித்தது. ஆனால் இம்முறை தனியாக இல்லை; ஒரு ஜெர்மன் கம்பெனியோடு கூட்டு. என்ஜினும் கியர்பாக்ஸும் அடிச்சட்டமும் அவர்களுடையவை. மேல்கூடு இங்கே செய்தது. சஸ்பென்ஷனை நம் ரோடுகளுக்கு ஏற்பச் சரிசெய்த குழுவில் சாருலதா இருந்தாள். இரண்டு வருடம் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

சங்கம் இரண்டாகப் பிளந்தது. “பேரை ஒட்டிட்டா அது வல்லூறு ஆயிருமா?” என்றது ஒரு தரப்பு. “கூட்டு இல்லேன்னா இந்தக் காலத்துல காரே இல்லைங்க” என்றது மறு தரப்பு. வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இதே பேச்சுத்தான். ஆனால் அங்கே சிரிப்பும் இருந்தது.

“என்ஜின் அவங்களோடதுதான்ப்பா. நான் இல்லைன்னு சொல்லலையே. ஓட்டிப் பாத்துட்டு உங்களுக்குத் தோணறதைச் சொல்லுங்க” என்பாள் சாருலதா.

அவர் ஓட்டிப் பார்த்தார். கார் வளைவுகளில் அழகாகத் திரும்பியது. அதை அவளிடம் சொல்லவும் செய்தார். ஆனாலும் அது வல்லூறு இல்லை என்றே அவருக்குப் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் விவாதம் சூடேறியது. யாரோ அவரைச் சீண்டிவிட்டார்கள். கோபத்தில் அவர் எழுதினார்: “யாரோ பெற்ற பிள்ளைக்கு நம் இனிஷியலைப் போட்டுவிட்டால் அது நம் பிள்ளை ஆகிவிடுமா?”

நூற்றுக்கணக்கானோர் அதை ரசித்தார்கள். மறுநாள் நொய்யல் கேன்டீனில் ஒருவர் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார். அதே மேசையில் சாருலதா உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் அவள் எதுவும் கேட்கவில்லை. காலை ஷிப்ட் என்று சொல்லி, அந்த வாரமே தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பத்து நாள் கழித்துத்தான் சுலோச்சனா சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்தாள்.

“ஏனுங்க, இதை நீங்களா எழுதுனீங்க?”

“காரைப் பத்தித்தானே எழுதுனேன்.”

“அவ எதைப் பத்தின்னு படிச்சிருப்பா?”

எழுதும்போது மகளின் நினைவே திருமூர்த்திக்கு வரவில்லை. அதுதான் அவரை அதிகம் உலுக்கியது. மகளுக்குப் பலமுறை போன் செய்தார். “மாத்திரை போட்டீங்களாப்பா?” என்று அவள் கேட்பாள். “போட்டேன் கண்ணு” என்பார். அந்த வரியைப் பற்றிப் பேசாமலே போனை வைத்துவிடுவார்.

புதிய காரைச் சங்கத்தில் வல்லூறாகச் சேர்ப்பதா என்று வாக்கெடுக்கும் நாள் வந்தது. “உங்க ஒரு வாக்குத்தானுங்க. ஆமான்னு சொல்லிருங்க. அவ வீட்டுக்கு வந்துருவா” என்று சுலோச்சனா கெஞ்சினாள். அன்று காலையிலும் அந்த வரி ஃபேஸ்புக் பக்கத்தில் அப்படியேதான் இருந்தது.

கூட்டத்துக்குச் சுலோச்சனாவும் வந்திருந்தாள். கம்பெனி சார்பில் சாருலதா வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தலைவர் எபினேசர் வாக்குகளை எண்ணினார். சேர்க்கலாம் என்று பத்தொன்பது, கூடாது என்று பத்தொன்பது. மிச்சமிருந்தது செயலாளரின் வாக்கு.

திருமூர்த்தி எழுந்து கடைசி வரிசையைப் பார்த்தார். பிறகு, “இது வல்லூறுதான்” என்றார். பாதி மண்டபம் கை தட்டியது.

சாருலதா எழுந்தாள். “தலைவரே, அந்த வாக்கை எண்ணாதீங்க. அப்பா அதை நம்பிச் சொல்லலை.”

“அப்படியா திருமூர்த்தி?” என்று எபினேசர் கேட்டார்.

அவர் தலை குனிந்துகொண்டார். வாக்கு செல்லாமல் போயிற்று. சமமாக நின்ற தீர்மானம் விதிப்படி தோற்றது. தன் இரண்டு வருட உழைப்பைத் தன் வாயாலேயே தோற்கடித்துவிட்டு அவள் வெளியே நடந்தாள். சுலோச்சனா கேட் வரை பின்னால் ஓடினாள்.

“ஏன் கண்ணு இப்படிப் பண்ணுனே?”

“நான் வாக்குக் கேட்கலையேம்மா” என்றாள் சாருலதா. அடுத்த மாதமே மாற்றல் கேட்டு ஜெர்மனிக்குப் போய்விட்டாள்.

மகள் வீடு திரும்ப ஒரு பொய் போதும் என்றாள் தாய். மகளுக்காகத் தன் நம்பிக்கையை விட்டுக்கொடுத்தார் தகப்பன். அப்படி வந்த வெற்றி வேண்டாம் என்றாள் மகள். இவர்களில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால், சாருலதா செய்ததுதான் சரி. காரைப் பற்றி அப்பா சொன்னதில் அவளுக்கு வருத்தமே இருந்ததில்லை. அவளைக் காயப்படுத்தியது ஒரு வரி. அதை விட்டுவிட்டு அவர் வேறொன்றைத் திருத்தினார். அந்தப் பொய்யை அவள் ஏற்றிருந்தால், அதன்பின் அப்பா தன்னைப் பற்றிச் சொல்லும் எந்த நல்ல வார்த்தையையும் அவளால் நம்ப முடிந்திருக்காது. “இந்தக் கார் வல்லூறு இல்லை, சாருலதா என் மகள்” என்று அவர் இரண்டையும் அன்றைக்கு ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். இரண்டும் அவர் நம்பியவைதான். அந்த மண்டபத்தில் அவரைத் தடுக்க ஒருவரும் இல்லை.