ஆமாஞ்சாமியின் தேக்கிலை

நரி என்றால் தந்திரம் என்கிறீர்கள். சரி, இருக்கட்டும். அந்த நரியே வீடு வாங்கப் புறப்பட்டால் தந்திரமெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. செம்பாயி என்ற பெண் நரிக்கு அப்படித்தான் ஆனது.

செம்பாயி ஓடைக்கரைப் பள்ளத்தில் குடியிருந்தாள். அவளுக்கு நிறைமாதம். வயிற்றுக்குள் உதைக்கிற உதையைப் பார்த்தால் நாலு குட்டிக்குக் குறையாது. போன ஐப்பசியில் ஓடை பெருகி, அவளுடைய முதல் ஈற்றுக் குட்டிகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. இந்த ஐப்பசி பிறக்கும் முன் மேட்டில் ஒரு வளை வாங்கிவிட வேண்டும். ராத்திரி பகலாக அவளுக்கு இருந்த ஒரே நினைப்பு அதுதான்.

கரட்டு மேட்டில் முள்ளம்பன்றி ஈட்டியப்பனின் வளை விலைக்கு வந்திருந்தது. அவர் மகளோடு இருக்கலாமென்று அடுத்த மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசல் கிழக்கே, உள்ளே இரண்டு அறை, பின்பக்கம் அருமையான காற்றோட்டம். இப்படியெல்லாம் செம்பாயியிடம் வந்து அளந்தவர் தரகர் ஆமாஞ்சாமி.

ஆமாஞ்சாமி ஓர் ஓணான். ஓணான் தலையாட்டும் என்பது யாருக்கும் தெரியாததா? இவர் அந்த ஆட்டத்தையே தொழிலாக்கிக்கொண்டவர். விலை ரொம்ப அதிகம் என்று வாங்குகிறவர் சொன்னால் தலையாட்டுவார். விலை ரொம்பக் குறைவு என்று விற்கிறவர் சொன்னாலும் அதே ஆட்டம்தான். நம்ம ஆள் என்று இரண்டு பேரும் நம்பிவிடுவார்கள்.

அவர் தோளில் எப்போதும் ஒரு தேக்கிலை கிடக்கும். மாட்டுச் சந்தையில் தரகர்கள் கை மேல் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதை வேலி மேல் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டு வந்த மகராசன் இவர். அந்தக் காட்டில் கொடுக்கல் வாங்கல் எல்லாம் வள்ளிக்கிழங்கில். இலைக்கடியில் ஒரு விரலைப் பிடித்தால் பத்துக் கிழங்கு என்று அர்த்தம்.

"எதுக்குங்கய்யா மூடிப் பேசணும்?" என்று செம்பாயி முதல் நாளே கேட்டாள்.

"மரியாதைக்குத்தான் தாயி. நாலு பேர் பார்க்க விலை பேசினா வீட்டுக்குக் கண்ணு பட்டுடாதா?" என்றார் ஆமாஞ்சாமி.

அவர் கூலி எவ்வளவு என்றும் கேட்டாள். அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. உன்னிடம் வாங்குவேனா, எனக்கு வேண்டியதை விற்கிறவர் தருவார், உனக்கு எல்லாம் இலவசம் என்று சொல்லிவிட்டார். அதே நாள் மத்தியானம் ஈட்டியப்பனிடம் போய், உங்களிடம் வாங்குவேனா, எனக்கு வேண்டியதை வாங்குகிறவள் தருவாள் என்றும் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு பேரும் தரவில்லையென்றால் இந்த மனுஷன், சரி, இந்த ஓணான், எதைத் தின்று இப்படிக் கொழுத்திருக்கிறது என்று ஒருவராவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இதில் தரகர் போட்ட ஒரு கட்டளையும் உண்டு. விற்கிறவரும் வாங்குகிறவரும் நேருக்கு நேர் பேசக் கூடாது. ஈட்டியப்பன் முன்கோபி, பேச்சு கொடுத்தால் முள்ளை வீசிவிடுவார் என்று செம்பாயியைப் பயமுறுத்தி வைத்திருந்தார். அவள் நரி, பேச்சிலேயே வளையைப் பறித்துக்கொள்வாள் என்று ஈட்டியப்பனையும் எச்சரித்திருந்தார். இரண்டு பேரும் நாலைந்து தடவை ஒரே பாதையில் எதிர்ப்பட்டிருக்கிறார்கள். ஒருவரையொருவர் பார்க்காதது போல ஆளுக்கொரு புதரைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

விலை ஐந்து விரல் என்றது தேக்கிலை. ஐம்பது கிழங்கு! செம்பாயியும் அவள் புருஷனும் ஒரு மாதமாக மண்ணைக் கிளறி நாற்பது சேர்த்திருந்தார்கள். இன்னும் பத்து வேண்டும். அவளுக்கு நகமெல்லாம் தேய்ந்துவிட்டது. குனிந்தால் மூச்சு முட்டியது. வானத்தில் மழைக் கருக்கல் கூடிக்கொண்டே வந்தது.

விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள் என்று அவள் கெஞ்சினாள். தரகரும் தலையாட்டினார். எல்லாவற்றுக்கும் ஆட்டுகிற தலை அது.

கடைசிப் பேச்சு ஒரு காலை நேரத்தில் நடந்தது. வளை வாசலில் ஈட்டியப்பன் உட்கார்ந்திருந்தார். பத்தடி தள்ளிப் பாறை ஓரமாகச் செம்பாயி நின்றாள். நடுவில் ஆமாஞ்சாமி, தோளில் புது இலை. தினம் விடிந்ததும் மரத்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு வருவது அவர் வழக்கம். இலையைப் பார்த்துப் பறிக்கிற பழக்கம் அவருக்கில்லை. எந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று பார்த்துத் தலையாட்டிக்கொண்டே கையால் துழாவிக் கிள்ளுவார். அந்த மாதம் தேக்கு மரங்களில் புழு விழுந்திருந்தது. இலையின் சதையையெல்லாம் தின்றுவிட்டு நரம்பை மட்டும் விட்டுவைத்திருந்தது. தரகர் தோளில் அன்றைக்குக் கிடந்தது இலை இல்லை, சல்லடை.

அவர் ஈட்டியப்பனிடம் போனார். கையை நீட்டி, சல்லடையைப் போட்டு மூடினார். ஈட்டியப்பன் தரகருடைய மூன்று விரல்களைப் பிடித்து அழுத்தினார். காலை வெயில் கிழக்கே இருந்து பளிச்சென்று அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று செம்பாயிக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஆமாஞ்சாமி ஓடி வந்தார். அவள் முன்காலைப் பிடித்து, மேலே இலையைப் போட்டு, அடியில் ஐந்து விரலையும் விரித்து வைத்து அழுத்தினார்.

"மனுஷன் மசிய மாட்டேங்கிறார் தாயி. ஐந்து விரலுக்கு ஒரு கிழங்கு குறைஞ்சாலும் வேண்டாங்கிறார். உன் வயித்தைப் பார்த்து எனக்கே மனசு கேட்கலை," என்று காதோரம் கிசுகிசுத்துப் பெருமூச்சு விட்டார்.

செம்பாயி அவர் கையைப் பார்த்தாள். பிறகு அவரைத் தாண்டி ஈட்டியப்பனைப் பார்த்தாள். முள் வந்து குத்தினால் குத்தட்டும் என்று நினைத்துக்கொண்டாள். தேய்ந்த நகத்தோடு வயிற்றைத் தூக்கிக்கொண்டு நேரே வளை வாசலுக்கு நடந்தாள்.

"பேசாதே, பேரம் முறிஞ்சிடும்!" என்று பின்னால் தரகர் கத்தினார்.

"அண்ணே, வளைக்கு என்ன விலை?" என்று செம்பாயி கேட்டாள்.

ஈட்டியப்பன் முள்ளும் வீசவில்லை, முறைக்கவும் இல்லை. பாவம், பயந்து இரண்டடி பின்னால் போனார். "முப்பதுதானேம்மா? அதுக்கு மேல ஒண்ணுகூட முடியாதுன்னு நீதான் சொல்லிட்டியாமே," என்றார்.

"நான் சொன்னேனா? எங்கிட்ட ஐம்பது கேட்டுச்சே அந்த இலை!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சேர்ந்து தரகரைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டினார்.

தரகர் ஏற்றிவிட்ட இருபது கிழங்குக்காக எத்தனை நாள் செம்பாயி வயிற்றைச் சாய்த்துக்கொண்டு மண்ணைக் கிளறியிருப்பாள்! வந்ததுதான் வந்தோம், எல்லாவற்றையும் கேட்டுவிடுவோம் என்று, பின்பக்கக் காற்றோட்டத்தைப் பற்றியும் விசாரித்தாள்.

"காற்றோட்டமா?" ஈட்டியப்பன் விழித்தார். "அது ஓட்டை தாயி. ஐப்பசி மழைக்கு மலைத்தண்ணி அது வழியாத்தான் உள்ளே பாயும். வருஷா வருஷம் கல்லும் களிமண்ணும் வச்சு அடைச்சிடுவேன். இந்தத் தடவை கிளம்புறோமேன்னு விட்டுட்டேன். வாங்குறவங்ககிட்ட மறக்காம சொல்லுங்கன்னு இவர்கிட்ட சொல்லி அனுப்பினேனே, சொல்லலையா?"

செம்பாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஓடையிலிருந்து தப்பித்து மலைத்தண்ணீரிலா குட்டிகளைப் போட இருந்தேன் என்று வாய்விட்டு அழுதாள். ஈட்டியப்பனுக்கும் கண் கலங்கியது.

விஷயம் பரவியதும் காட்டிலிருந்த ஓணான்கள் அத்தனையும் பாறை மேல் கூடிவிட்டன. பாறையே தலையாட்டுகிற மாதிரி இருந்தது. இலையை எடுத்துவிட்டால் காட்டின் பண்பாடே போய்விடும் என்றது ஒன்று. வாங்குகிறவர்களுக்கு எல்லா விவரமும் தெரிந்தால் தலை குழம்பிப் பைத்தியம் பிடித்துவிடும், அவர்கள் நன்மைக்காகத்தான் மறைக்கிறோம் என்றது இன்னொன்று. தப்பு ஆமாஞ்சாமி மேல் இல்லை, புழுவின் மேல்தான், புழுவைக் காட்டை விட்டுத் துரத்த வேண்டும் என்று மூன்றாவது ஓணான் தொண்டை கிழியப் பேசியது. அதற்குத்தான் ஏகப்பட்ட வரவேற்பு.

ஆமாஞ்சாமியும் தன் பங்குக்கு அழுதார். வெயிலில் அலைந்தேனே, வளையைக் காட்டினேனே, அதற்கெல்லாம் கூலி இல்லையா என்று கேட்டார்.

"இருக்கு. வழி காட்டினதுக்குக் கூலி உண்டு," என்றாள் செம்பாயி. "நான் மூணு கிழங்கு தர்றேன், அண்ணன் மூணு தருவார். இலை வேண்டாம். எல்லாரும் பார்க்கக் கேட்கிறேன், சம்மதமா?"

ஆறு கிழங்கா, இது என்ன அநியாயம் என்று சொல்லத்தான் ஆமாஞ்சாமி வாயைத் திறந்தார். அதற்குள் தலை தன்பாட்டுக்கு மேலும் கீழும் ஆடிவிட்டது. பாறை மேலிருந்த மற்ற ஓணான்களும் பழக்கதோஷத்தில் சேர்ந்து ஆட்டின. காடு முழுக்கச் சாட்சி. அதற்கப்புறம் அவர் என்ன பேசி என்ன!

முப்பது கிழங்கை வாங்கிக்கொண்டு ஈட்டியப்பன் உடனே கிளம்பவில்லை. இரண்டு நாள் தங்கி, செம்பாயியின் புருஷனோடு சேர்ந்து பின்பக்க ஓட்டையைக் கல் வைத்து, களிமண் பூசி அடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். மூன்றாம் நாள் மழை பிடித்தது. ஓடைக்கரைப் பள்ளம் ஒரே ராத்திரியில் காணாமல் போனது. மேட்டு வளைக்குள் ஐந்து குட்டிகள் பிறந்தன. ஐந்தும் ஈரம் படாமல் அம்மா வயிற்றோரம் கிடந்து பால் குடித்தன. செம்பாயி ஒவ்வொன்றாக மோந்து பார்த்து மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆமாஞ்சாமி தொழிலை விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். இப்போது தேக்கிலையை மட்டும் விட்டுவிட்டார். புழு ஓட்டை போட முடியாத தாமரை இலையாகப் பார்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த காட்டில் தலையாட்டிக்கொண்டிருக்கிறாராம்.

ஆகவே, உங்களுக்கு எல்லாம் இலவசம் என்று சொல்லி, விற்பவர் முகத்தைப் பார்க்கவிடாமல் ஒருவர் வீடு காட்டினால், விலையைக் கொடுக்கும் முன் இலையைத் தூக்கிப் பாருங்கள்.