பலமாகச் சிறகடித்த நாரை

ஒரு காட்டில் புலி இல்லை. முன்பு இருந்தது, எல்லா விலங்குகளும் ஒன்றுசேர்ந்து அதைத் துரத்திவிட்டன. நல்ல காரியம்தான். அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை.

துரத்தியவர்களில் பெரிய குரல் கரடிக்கு. அதனால் கரடி தலைவர் ஆயிற்று. "இனி எல்லாரும் தோழர்கள். எல்லாமே எல்லாருக்கும்!" என்றது. தேன், கிழங்கு, மீன், நத்தை எல்லாம் பொதுக் குகைக்குப் போயின. குகை வாசலில் கரடி படுத்துக்கொண்டது.

ஒரு நாள் கரடி கேட்டது: "முயல் தோழரால் பறக்க முடியுமா?"

"முடியாது!" என்றது கூட்டம்.

"ஆமைத் தோழரால்?"

"முடியாது!"

"அப்படியானால் சிலர் மட்டும் நம் தலைக்கு மேலே பறப்பது என்ன நியாயம்? இன்று முதல் எல்லாரும் நடப்போம்."

முயல் பறக்க ஆசைப்படவே இல்லை. மற்றவர்களைத் தடுக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் முயலை யார் கேட்டார்கள்?

அந்தக் காட்டில் அலரி, முகிலி என்று இரண்டு நாரைகள் இருந்தன. அலரி அக்கா, முகிலி தங்கை. அவர்கள் பிறந்த கூடு மலைக்கு அப்பால் ஓர் ஏரிக்கரை மரத்தில் இருந்தது. இரை தேடி இந்தப் பக்கம் வந்தவர்கள், சட்டம் வந்ததும் மாட்டிக்கொண்டார்கள்.

தினமும் காலையில் மருத மரத்தடியில் கூட்டம். கரடி பேசி முடித்ததும் கை உள்ளவர்கள் தட்ட வேண்டும், சிறகு உள்ளவர்கள் சிறகடிக்க வேண்டும். கரடி கை காட்டுவதற்குள் முதலில் நிறுத்துகிறவர் துரோகி. அவரைக் கண்டுபிடிப்பது ஆள்காட்டிக் குருவியின் வேலை. ஒருமுறை ஒரு கிழக் கொக்கு தும்மல் வந்து நிறுத்திவிட்டது. அன்று முதல் அது கிழங்கு தோண்டுகிறது. அலகால்!

ஆகவே எல்லாரும் பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்த்தபடி ஏனோதானோ என்று அடிப்பார்கள். முகிலி மட்டும் கழுத்தை நீட்டி, மார்பை விரித்து, புழுதி பறக்க அடிப்பாள்.

"பாருங்கள், இதல்லவா பற்று!" என்று பூரித்த கரடி, அவள் கழுத்தில் செம்பருத்தி மாலை போட்டது.

அலரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உனக்கு முதுகெலும்பே இல்லையாடி? நம்மைக் கட்டிப்போட்டவனுக்கு விசிறி வீசுகிறாயே! பயந்து அடிப்பவர்களையாவது மன்னிக்கலாம். நீ பயந்தா அடிக்கிறாய்? ஆசை ஆசையாக அல்லவா அடிக்கிறாய்!"

"நீயும் பலமாக அடி, அக்கா. பத்தியச் சோறு மாதிரி நினைத்துக்கொள். ருசிக்காது, உடம்புக்கு நல்லது."

"எனக்கு வேண்டாம். தண்டனைக்குத் தப்ப இரண்டு இறகு அசைப்பேன், அவ்வளவுதான். எனக்கு மானம் பெரிது."

அப்போதுதான் ஆள்காட்டி பக்கத்துப் புதருக்கு வந்து நின்றது. முகிலி நத்தை தேடுவதுபோல் நகர்ந்துவிட்டாள்.

அந்த வாரம் ஒரு கூழைக்கடாப் பறவை தப்பித்துப் பறக்கப் பார்த்தது. யாரும் துரத்தவில்லை. ஆனாலும் ஆற்றைக்கூடத் தாண்டாமல் சேற்றில் பொத்தென்று விழுந்தது. கரடி அதன் இறகுகளைப் பிடுங்கச் சொன்னது.

மறுநாள் நத்தை பொறுக்கும் சாக்கில் முகிலி அக்காவை அருவிக்கு அழைத்துப் போனாள். அருவி இரைச்சலில் ஆள்காட்டிக்கு எதுவும் கேட்காது.

"கூழைக்கடா ஏன் விழுந்தது, சொல்."

"பாவம், களைத்துப்போய்..."

"ஆற்றுக்கு முன்பேயா? அக்கா, அதற்குத் துணிச்சல் குறைவில்லை. சிறகுக்குத்தான் பறக்க மறந்துவிட்டது. நம்மைப் பறக்காதே என்றார்கள், சரி. சிறகடிக்காதே என்றார்களா? அடிக்காவிட்டால்தானே தண்டனை! சிறகுக்குப் பயிற்சி கொடுக்க இந்தக் காட்டிலேயே அந்தக் கூட்டத்தை விட்டால் வேறு இடம் ஏது?"

அலரியின் அலகில் இருந்த நத்தை தண்ணீரில் விழுந்தது.

ஆனாலும் அலரி வாதத்தை விடுகிறவள் இல்லை. "நடித்து நடித்து, ஒரு நாள் உண்மையிலேயே அவனுக்காக அடிக்க ஆரம்பித்துவிட்டால்?"

முகிலி தலையசைத்தாள். "எனக்கும் அந்தப் பயம் உண்டு. மாலை போட்டபோது கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது. அதற்குத்தானே நீ இருக்கிறாய்? தினமும் திட்டு. மறந்துவிடாதே."

அன்று முதல் அலரி காலையில் புழுதி பறக்கச் சிறகடித்தாள். மாலையில் தங்கையைத் திட்டினாள். இரண்டையும் மனதாரச் செய்தாள்.

புலியைத் துரத்திய வெற்றி விழா வந்தது. கரடி வெயில் ஏறும்வரை பேசியது. முடித்ததும் ஆரவாரத்தில் காடே அதிர்ந்தது. முகிலியின் கால்கள் தரையை விட்டு எழும்பின.

"இப்போது, அக்கா!"

இருவரும் எழும்பினார்கள். எல்லார் தலைக்கும் மேலே, மருத மரத்துக்கும் மேலே.

எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் யார் முதலில் நிறுத்துவது? ஓடிப்போய்க் கரடியிடம் சொல்ல ஆள்காட்டிக்குத் துடிப்புதான். ஓட வேண்டுமானால் சிறகை மடக்க வேண்டும். மடக்கினால் அதுவல்லவா முதல் துரோகி! நின்ற இடத்திலேயே சிறகடித்தபடி, "போகிறார்கள்! போகிறார்கள்!" என்று கத்தியது. அந்தச் சத்தத்தில் யார் காதில் விழும்? கரடியோ கண்ணை மூடிப் புகழில் திளைத்திருந்தது.

மேலே பார்த்தபடி முயல் மட்டும் முன்பைவிடப் பலமாகத் தட்டியது.

ஆற்றைத் தாண்டியதும் அலரி தளர்ந்தாள். "என்னால் முடியவில்லை. நீ போய்விடு!"

"முடியாதா? தினமும் என் முதுகெலும்பைத் தேடினாயே. உன்னுடையது எங்கே?"

அலரிக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே ஓங்கி ஓங்கிச் சிறகடித்தாள். மலை கீழே போயிற்று. அந்தப் பக்கம் ஏரி தெரிந்தது.

காட்டில் கரடி கண் திறந்தது. "நாரைத் தோழர்கள் எங்கே?"

உண்மையைச் சொன்னால், பார்த்துக்கொண்டு ஏன் சும்மா நின்றாய் என்ற கேள்வி வரும். "கிழங்கு தோண்டப் போயிருக்கிறார்கள், தோழரே" என்றது ஆள்காட்டி.

மறுநாள் காலையில் காட்டுப் பக்கமிருந்து வீசிய காற்றில் சிறகடிக்கும் சத்தம் வந்தது. ஏரியில் நின்ற அக்காவும் தங்கையும் தலை தூக்கிக் கேட்டார்கள்.

"கரடி பேசி முடித்துவிட்டது போல" என்றாள் அலரி. "ஆனால் முன்பு இவ்வளவு பலமாக அடிக்க மாட்டார்களே!"

ஆமாம். இப்போதெல்லாம் அந்தக் காட்டில் எல்லாப் பறவைகளும் புழுதி பறக்கச் சிறகடிக்கின்றன. கிழக் கொக்குகூட! எல்லாரையும்விடப் பலமாக அடிப்பது, புது இறகு முளைத்துவரும் கூழைக்கடாதான்.

கரடிக்கு ஒரே சந்தோஷம்.

நீதி: பணிய நேர்ந்தாலும் பறக்க மறவாதே.