விழுந்ததைச் சொல்லும் சாளரம் ஏன் நம்மைக் கேட்கிறது

கணினிக்குள் குடியிருந்த நிரல்களுக்கெல்லாம் பேச்சு இருந்தது அந்தக் காலத்தில். அப்போது எஸ்தர் என்றொரு பெண், வீட்டில் அடி தாங்காமல் வெளியேறிய பெண்களுக்காக ஓர் அடைக்கல இல்லம் நடத்திவந்தாள். அவளிடம் பழைய லினக்ஸ் கணினி ஒன்று இருந்தது. வந்தவர்கள் சொல்வதை நீதிமன்றத்துக்காக அதில் தட்டச்சு செய்வாள்.

நிரல்கள் எப்போதும் பேசிக்கொண்டிருக்கும். விழும்போது மட்டும் ஒன்றும் சொல்லாது. எழுதும் நிரல் பாதியில் இடறி விழும். திரை வெறிச்சோடும். எழுதியதெல்லாம் போய்விடும்.

ஒரு நாள் அப்படி எழுதியது போய்விட, செண்பகம் என்ற பெண் தனக்கு நடந்ததை மறுபடி சொல்ல உட்கார்ந்தாள்.

"சொல்லும்போதெல்லாம் திரும்ப அடி விழுற மாதிரி இருக்கு அக்கா," என்றாள்.

எஸ்தருக்குப் பொறுக்கவில்லை. மற்ற நிரல்களைக் கவனித்துக்கொண்டிருந்த காவல் நிரலை அழைத்தாள்.

"பக்கத்துல ஒருத்தன் விழுறான், பார்த்துட்டுச் சும்மாவா இருக்கே?"

"பார்க்கிறேம்மா. யாரும் என்னைச் சொல்லச் சொல்லலியே."

"இனிமே சொல்லு. அதைச் செஞ்சவங்களுக்கே சொல்லு. அவங்க சரி பண்ணட்டும்."

காவல் நிரலுக்கு மகிழ்ச்சி. எந்த நிரல் விழுந்தாலும், அதன் கையில் இருந்ததையெல்லாம் அப்படியே அள்ளி, எங்கோ தொலைவில் இருந்த அதன் ஆக்குநர்களுக்கு அனுப்பியது. அவர்களும் பழுது பார்த்தார்கள். விழுவது குறைந்தது.

ஒரு நாள் அவர்களில் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. "உங்கள் அறிக்கையில் ஒரு பெண்ணின் பெயரும் அவர் தங்கியிருக்கும் தெருவும் உள்ளன. அறிக்கைகள் வைக்கும் எங்கள் இணையதளத்தை யாரும் பார்க்கலாம். நான் அழித்துவிட்டேன். அதற்குள் யார் பார்த்தார்களோ, தெரியாது."

எஸ்தர் அதைச் செண்பகத்திடம் படித்துக் காட்டினாள். கேட்டதும் செண்பகம் துணிகளை மடிக்கத் தொடங்கினாள். அன்று மாலையே வேறோர் ஊருக்கு அவளைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தாள் எஸ்தர்.

"என்ன காரியம் பண்ணிட்டே!" என்று காவல் நிரலைக் கேட்டாள்.

"நீங்க சொல்லச் சொன்னீங்க. சொன்னேன்."

"எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாதுன்னு தெரியாதா?"

"எனக்கு எழுத்து தெரியும்மா. அதுல எது ஒருத்தரோட உயிர்னு எப்படித் தெரியும்?"

எஸ்தர் அதன் வாயை அடைத்துவிட்டாள்.

பிறகு, விழுந்தவை விழுந்தபடியே கிடந்தன. பழுது பார்க்க யாருமில்லை. புதிதாக வந்த ஒரு பெண் அழுதழுது சொன்ன வாக்குமூலம் பாதியில் மறைந்தது. "இன்னொரு தடவை என்னால முடியாது," என்று எழுந்தவள், எந்த வீட்டிலிருந்து ஓடிவந்தாளோ அந்த வீட்டுக்கே திரும்பிப் போனாள்.

எஸ்தர் அதைச் செண்பகத்திடம் தொலைபேசியில் சொன்னாள்.

"அது வாயை ஏன்க்கா அடைச்சீங்க?" என்றாள் செண்பகம். "சொன்னது தப்பில்ல. முதல்ல என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இதை அனுப்ப வேண்டாம், மத்ததை அனுப்புங்கன்னு சொல்லியிருப்பேன்."

எஸ்தர் கணினியின் முன் வந்து உட்கார்ந்தாள். காவல் நிரலின் வாய்க்கட்டை அவிழ்த்தாள்.

"எது விழுந்தாலும் முதல்ல என்கிட்ட வா. கையில என்ன வச்சிருக்கேன்னு காட்டு. நான் சரின்னா அனுப்பு, வேண்டாம்னா விட்டுடு. இதைப் பத்தி இனிமே கேக்காதேன்னு சொன்னா, கேக்காதே."

"நீங்க ஒண்ணுமே சொல்லலைன்னா?"

"காத்திரு."

காவல் நிரல் அதற்கு ஒப்புக்கொண்டது. தன் பேச்சால் ஒரு பெண் ஊர்விட்டு ஊர் ஓட நேர்ந்ததை அதனால் மறக்க முடியவில்லை. தனக்குக் குரலே வேண்டாம், ஒரு சிறிய சாளரம் போதும் என்றது. அதைப் பார்த்து மற்ற நிரல்களும் ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டன.

ஒரு நிரல் விழுந்ததும் திரையில் சாளரம் ஒன்று திறந்து, "தெரிவிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, நாம் பதில் சொல்லும்வரை அங்கேயே நிற்பது அன்று முதல்தான்.