தகரத்துக்கும் மரத்துக்கும் ஒரு சொல்

பொன்னுலிங்க சாமியின் மடத்தில் வந்து சேர்ந்தபோது ஆவுடையப்பனுக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. சாமி அவரைவிட இளையவர். இருந்தாலும் ஆவுடையப்பன்தான் சீடர்.

அதற்குமுன் அவர் ஒரு பெரிய அதிகாரியின் ஆபீசில் இங்கிலீஷ் எழுதிக் கொடுக்கும் வேலையில் இருந்தார். வெள்ளைக்காரர்களே மறந்துபோன பழைய சொற்கள்மீது அவருக்கு ஆசை. அதிலும் உடைந்தது, பிய்ந்தது, மிஞ்சியது இவற்றுக்கான சொற்கள் என்றால் தனிப் பிரியம். சொத்தில் சரிபாதி மொயட்டி. மண்சட்டி உடைந்த ஓடு ஷெர்ட். இலையில் மிஞ்சிய எச்சில் ஆர்ட்ஸ். "காலேஜ்ல படிக்கிற ஆர்ட்ஸ் இல்ல, இது வேற" என்பார். மடத்தில் தேங்காய் உடைத்தால் ஒரு சொல், விறகு பிளந்தால் ஒரு சொல் என்று வந்து விழும். எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். சாமியும் கேட்பார்.

ஒருநாள் மதியம் பந்தியில் சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன் மெல்லக் கேட்டார்.

"சாமி, ஒரு சந்தேகம். ஒண்ணு உடைஞ்சுபோனா, எதுவரைக்கும் அதோட பேரு அதுக்கு இருக்கும்? எப்ப அது வெறும் துண்டா ஆகுது?"

சாமி தன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து நொறுக்கினார்.

"இது என்ன?"

"அப்பளம், சாமி."

"நொறுங்கிப்போச்சே."

"நொறுங்கினாலும் அப்பளம்தானே."

சாமி அதைச் சோற்றில் தூவிக்கொண்டார்.

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்க. நீங்க யாரை மனசுல வச்சுக் கேக்குறீங்க ஐயா?"

ஆவுடையப்பன் அதற்குமேல் சாப்பிடவில்லை. கை காய்கிறவரை இலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு பட்டாசு ஆலையில் வெடி விபத்து. ஒரு கொட்டகை முழுவதும் சிதறிப்போனது. அனுமதித்ததைவிட அதிகமான ஆட்களை அதற்குள் உட்கார வைத்திருந்தார்கள். முதலாளி அதிகாரிக்கு வேண்டியவர். விபத்து அறிக்கை எழுத அதிகாரி ஆவுடையப்பனை அழைத்தார்.

"உடல்கள்னு எழுதாதீங்க. எழுதினா எத்தனைன்னு கேப்பாங்க. எண்ண முடியாத மாதிரி ஒரு வார்த்தை போடுங்க. உங்களுக்குத்தான் நிறையத் தெரியுமே."

"போட்டீங்களா?" என்றார் சாமி.

"போட்டேன். ஃபிளிண்டர்ஸ்னு ஒரு சொல் இருக்கு. சில்லுச் சில்லாத் தெறிச்சதுன்னு அர்த்தம். கொட்டகையில இருந்ததெல்லாம் ஃபிளிண்டர்ஸ் ஆயிருச்சுன்னு எழுதினேன். தகரம், மரம், எல்லாம் அதுக்குள்ள அடங்கிருச்சு. எந்தப் புஸ்தகத்துல பிடிச்சீங்கன்னு அதிகாரி முதுகுல தட்டிக் கொடுத்தார். எனக்குப் பெருமையாத்தான் இருந்தது சாமி."

"உள்ள யார் யார் இருந்தாங்கன்னு தெரியுமா?"

"மேஸ்திரி ஒவ்வொரு பேரா என்கிட்ட சொன்னார். அடையாளம் தெரிஞ்சவங்களை மட்டும் செத்தவங்கன்னு எழுதினோம். மத்தவங்க காணாமப் போனவங்க."

சாமி இலையை மடித்தார். எழுந்து கை கழுவிவிட்டு வந்தார்.

"ஒரு பேரு சொல்லுங்க."

"குருவையா."

"குடும்பம் இருக்கா?"

"சம்சாரம் சீனியம்மா. ஆலை இருந்த ஊர்லயேதான் இருக்கு."

"அங்க போய் அந்த வார்த்தையைச் சொல்லிட்டு வாங்க."

மறுநாள் ஆவுடையப்பன் பஸ் ஏறினார்.

சீனியம்மாள் வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. கழுத்தில் தாலி இருந்தது. ஆபீசிலிருந்து வந்தவர் என்றதும் எழுந்து, முந்தானையால் இடத்தைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னாள். அவர் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார். அந்தச் சொல்லையும் சொன்னார். அவள் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை.

"அது மரத்துக்குச் சொல்றதா, மனுசனுக்குச் சொல்றதா?"

"மரத்துக்குத்தான்மா."

"அதுக்குள்ள எங்க வீட்டுக்காரக இருந்தாகளா?"

"இருந்தார். மேஸ்திரி என்கிட்ட பேரு சொன்னார். நான்தான் எழுதல."

அவள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு வேலைக்கே வரல, பம்பாய்க்கு ஓடிப் போயிட்டாகன்னு ஆலைக்காரக சொன்னாக. அங்க ஒருத்தியோட குடும்பம் நடத்துறாகன்னு பாத்தவுக மாதிரியே சொன்னாக. நானும் நம்பிட்டேன். விடிஞ்சு எந்திரிச்சா அவுகளை ஏசாம அடுப்புப் பத்த வச்சதில்ல. நாசமாப் போகணும், நாதியத்துச் சாகணும்னு மண்ணை வாரித் தூத்தியிருக்கேன்."

ஆவுடையப்பன் கும்பிடக் கையைத் தூக்கினார். அவள் அதைப் பார்க்கவில்லை.

"செத்துக் கிடந்த மனுசனையா இத்தனை வருசமும் ஏசிட்டிருந்தேன்."

அவள் அழவில்லை. தாலியைப் பிடித்தாள், கழற்றவும் இல்லை, விடவும் இல்லை. "நீங்க போங்க" என்றாள். அதட்டிச் சொல்லவில்லை. தெருவில் போகிற யாரிடமோ வழிவிடச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவர் மடத்துக்குத் திரும்பியபோது சாமி முற்றத்தில் வேட்டியை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

ஆவுடையப்பன் ஒன்று விடாமல் சொன்னார். சாமி வேட்டியின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டே கேட்டார். முடிந்ததும் ஆவுடையப்பன் படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"நெஞ்சில கெடந்த பாரத்தை இறக்கி வச்ச மாதிரி இருக்கு சாமி. இனிமேலாவது நான் இங்க நிம்மதியா உக்காந்திருக்கலாமா?"

சாமி அவர் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கொட்டகையில குருவையா மட்டும்தான் இருந்தாரா?"