வலசைக்கும் தும்பிக்கும் நடுவில் ஒரு ‘த்’

இரண்டு விமான நிறுவனங்கள் ஒன்றாயின. ஒன்றின் பெயர் வலசை, மற்றொன்று தும்பி. விமானங்களின் வாலில் ‘வலசை தும்பி’ என்று புதிதாக எழுதினார்கள். நடுவில் ‘த்’ வேண்டாமா என்று ஒருவர் கேட்க, இது உம்மைத்தொகை, வல்லினம் மிகாது என்று நான் சொன்னேன். ‘வலசைத் தும்பி’ என்றால் வலசை போகிற ஒரே தும்பி. ‘வலசை தும்பி’ என்றால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு. எழுதியவருக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் உண்மையை எழுதிவிட்டார்.

புறப்படுமுன் விமானிகள் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை முடிக்க வேண்டும். வலசையில், “லிஸ்ட்” என்று கேப்டன் கேட்பார். துணை விமானி உரக்கப் படிப்பார். கேட்காமல் படிப்பது முந்திரிக்கொட்டைத்தனம். தும்பியில் யாரும் கேட்பதில்லை. துணை விமானி தானே மனத்துக்குள் படித்துச் சரிபார்த்து, முடிந்ததும் பட்டியல் அட்டையைப் பச்சைப் பக்கம் தெரியும்படி திருப்பி வைப்பார். கேப்டன் வாய்விட்டுக் கேட்டால், ‘உன்னை நம்பவில்லை’ என்று பொருள்.

இரண்டுக்கும் பொதுவான கையேடு அச்சில் இருந்தது. எட்டு மாதமாக அச்சில் இருந்தது. அதுவரைக்கும் என்று பயிற்சித் தலைவர் பரசுராமன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: “புதிய கையேடு வரும்வரை ஒருவர் மற்றவரின் வழக்கத்தை மதித்து நடக்கவும்.” ஒரே வாக்கியம். எழுத்துப் பிழைகூட இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மதுரையிலிருந்து ஹைதராபாத். கேப்டன் ஞானசிகாமணி வலசைக்காரர். ஓய்வுக்குப் பதினான்கு மாதம். துணை விமானி உமையாள் தும்பிக்காரி. பதினோரு வருடம் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்தவள். அடுத்த திங்களன்று வரவிருந்த புதிய கேப்டன்களின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. இருவரும் மற்றவரின் பழைய கையேட்டை ஓட்டல் அறைகளில் கண் எரியப் படித்திருந்தார்கள்.

“இது எனக்கு நாலாவது கையேடும்மா,” என்றார் ஞானசிகாமணி. “மூணு கம்பெனி மாறியாச்சு. பொண்டாட்டி மட்டும் மாறலை.”

“அவங்களுக்குக் கையேடு உண்டா சார்?”

“இருந்திருந்தா படிச்சுப் பாஸ் பண்ணியிருப்பேனே.”

சிரித்துக்கொண்டே ஓடுபாதையின் முனைக்கு வந்தார்கள். அங்கே இருவரும் மௌனமானார்கள்.

தும்பிக்காரியிடம் பட்டியலைக் கேட்டால் அவமதிப்பு என்று கேப்டன் கேட்கவில்லை. அவள் மனத்துக்குள் முடித்திருப்பாள் என்று எடுத்துக்கொண்டார். வலசைக்காரர் கேட்காமல் படித்தால் அதிகப்பிரசங்கித்தனம் என்று உமையாள் படிக்கவில்லை. கேட்பார், கேட்பார் என்று காத்திருந்தாள். கட்டுப்பாட்டுக் கோபுரம் புறப்பட அனுமதி கொடுத்தது. கேப்டனின் கை விசைப்பிடிக்குப் போனபோது அவள் வாயைத் திறந்தாள். வலசையில் இன்னும் பிந்திக் கேட்பார்களோ என்னவோ என்று மூடிக்கொண்டாள்.

எஞ்சின்கள் உறுமின. கூடவே எச்சரிக்கை ஒலி அலறியது. மேலெழ உதவும் இறக்கை மடல்களை யாரும் இறக்கியிருக்கவில்லை. ஞானசிகாமணி உடனே விசையைக் குறைத்து நிறுத்தினார். பயணிகள் அறுபத்தெட்டுப் பேர். ஒருவருக்கும் கீறல் இல்லை. அட்டையின் வெள்ளைப் பக்கம் மேலே தெரிந்தபடியே இருந்தது.

விசாரணையை நடத்தியவர் பரசுராமன். படிவத்தில் ‘காரணமானவர்’ என்று ஒரு கட்டம். ஒரு பெயருக்குத்தான் இடம். அதில் ஏறும் பெயர் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து தானாக இறங்கிவிடும்.

“உங்க சுற்றறிக்கைப்படி நான் அவங்க வழக்கத்தை மதிச்சேன்,” என்றார் ஞானசிகாமணி.

“நான் அவர் வழக்கத்தை மதிச்சேன்,” என்றாள் உமையாள்.

“மதிக்கத்தான் சொன்னேன். வாயை மூடிக்கச் சொல்லலையே,” என்றார் பரசுராமன்.

பிறகு மூவரும் மௌனமானார்கள். அது வலசை மௌனமா, தும்பி மௌனமா என்று தெரியவில்லை.

படிக்கிற நீங்கள் சொல்லுங்கள்: வாக்கியத்தை எழுதியவர், கேட்காதவர், படிக்காதவர். இந்த மூவரில் யார் பெயர் அந்தக் கட்டத்துக்கு உரியது?

விடை: உமையாள். விமானத்துக்குப் பொறுப்பு கேப்டன் அல்லவா என்பீர்கள். ஆம். ஆனால் கட்டம் கேட்டது பொறுப்பாளரை அல்ல, காரணமானவரை. பரசுராமனின் வாக்கியம் இருவரையும் ஒரே நேரத்தில் இடம் மாற்றியது. அது மோசமான வாக்கியம். ஞானசிகாமணி தும்பியின் மௌனத்தை எடுத்துக்கொண்டு தும்பியின் அட்டையை விட்டுவிட்டார். கழுத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் வெள்ளை தெரிந்திருக்கும். ஆயினும் அவர் பட்டியல் முடிந்தது என்று தவறாக நம்பினார். முடியவில்லை என்று அந்த நிமிடத்தில் சரியாகத் தெரிந்திருந்தவள் உமையாள் ஒருத்திதான். “லிஸ்ட் பாக்கி சார்” என்று சொல்வதை எந்தக் கையேடும் தடுக்கவில்லை.

பரசுராமனும் அவள் பெயரைத்தான் எழுதினார். தீர்ப்பு சரி, எழுதிய கைதான் சரியில்லை.

திங்கட்கிழமைப் பட்டியல் அவள் பெயரில்லாமல் வந்தது. “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா,” என்றார் ஞானசிகாமணி. “நீங்க ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாமே சார்,” என்றாள் உமையாள். மறுநாளும் இருவரையும் ஒரே விமானத்தில்தான் போட்டிருந்தார்கள். ஓடுபாதை முனையில் “லிஸ்ட்” என்று அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் அவள் உரக்கப் படிக்கத் தொடங்கியிருந்தாள். முடிந்ததும் அட்டையைத் திருப்பினாள். அவர் கழுத்தைத் திருப்பிப் பச்சையைப் பார்த்தார்.

வாலில் இன்னும் ‘த்’ எழுதவில்லை. அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் எழுதலாம்.