நீளமான வயர்

ஒரு விடுகதை.

ஒரு பொருள் இருக்கிறது. அது சரியாக இல்லை என்று ஒருவர் நினைக்கிறார். சரிசெய்கிறார். செய்யச் செய்ய அது குறைந்துகொண்டே வருகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் நிமிர்ந்து பார்க்கும்போது, அதைக் காணவில்லை.

அது என்ன?

பதில் தெரிந்தால் உங்களோடே வைத்துக்கொள்ளுங்கள். ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை. அவர் கதை இது.

*

“எம்மவ ரோபோ செய்ற மேசப் பக்கமே வர மாட்டேங்கா, பெர்னத்” என்றார் ஆவுடையப்பன்.

பெர்னதெத் டீச்சர் நிமிரவில்லை. ஒரு சின்னச் சக்கரத்தில் சுற்றியிருந்த தலைமுடியை ஊசியால் பிரித்துக்கொண்டிருந்தார்.

பாளையங்கோட்டையில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்தது அந்த மாடி அறை. சனிக்கிழமைகளில் பிள்ளைகள் அங்கே வந்து ரோபோ செய்வார்கள். கீழே மில் ஓடினால் மேலே மேசை நடுங்கும். மேசையில் கிடக்கும் ஸ்க்ரூ எல்லாம் மெல்ல நடந்து விளிம்புக்குப் போகும். டீச்சர் பேசிக்கொண்டே அவற்றைக் கையில் பிடித்துக்கொள்வார்.

“உக்காருங்கண்ணே. நின்னுக்கிட்டே அழாதீங்க.”

“நான் எங்க அழுதேன்?”

“இனிமே அழுவீங்கல்லா. அதுக்குச் சொன்னேன்.”

ஆவுடையப்பன் உட்கார்ந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

கல்லூரியில் அவர் டீச்சருக்கு சீனியர். ஈயத்தை உருக்கி வயர்களைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை எப்படிப் பிடிப்பது என்று டீச்சருக்குக் காட்டிக்கொடுத்ததே அவர்தான். அப்புறம் ஒரு கல்லூரி விழா. அரங்கு நிறைய ஆட்கள். அவர் செய்த ரோபோ பாதி வழியில் நின்றுவிட்டது. முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு அரங்கே சிரித்தது.

அன்றைக்கே எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினார். பெட்டி அவரோடு வீடு வீடாக மாறியது. திறக்கப்படவில்லை.

போன கோடை விடுமுறையில் அவர் மகள் ஆதிரை பரணில் பழைய கேரம் போர்டைத் தேடினாள். கிடைத்தது அந்தப் பெட்டி. நாலாம் வகுப்பு படிக்கிறவள். உள்ளேயிருந்து ஒரு மோட்டாரை எடுத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

“இது என்னதுப்பா?”

அப்படித்தான் மறுபடியும் தொடங்கியது. ஆதிரையும் சனிக்கிழமைகளில் டீச்சரிடம் வரத் தொடங்கினாள்.

*

“மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு” என்றார் ஆவுடையப்பன். “பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யூனிஃபார்ம்கூட மாத்த மாட்டா. நேரா மேசைக்கு வந்துருவா. இப்போ நான் கூப்பிட்டாலும், ‘நீங்களே செஞ்சிருங்கப்பா, நல்லா வரும்’ங்கா.”

“மரியாதையான பிள்ள.”

“விளையாடாத. நாளைக்குக் காலைல கண்காட்சி. இங்கதான். எல்லாப் பிள்ளைகளும் அப்பா அம்மா முன்னாடி ரோபோ வண்டி ஓட்டப்போறாங்க. இவ வரமாட்டேன்னுட்டா என்ன செய்ய?”

“வண்டி ஓடுதா?”

“அருமையா ஓடுது. கறுப்பு டேப் ஒட்டுன கோட்ட விட்டு இம்மி விலகல. ஒரு தடவகூட நிக்கல.”

“பொறவு என்ன கவல?”

ஆவுடையப்பன் பையைப் பார்த்தார்.

“என்னைய மாதிரியே இவளும் விட்டுருவாளோன்னுதான். இந்த வயசுல விட்டா, அப்புறம் இருபது வருசம் கழிச்சு யாரு வந்து இவ பெட்டியத் திறப்பா?”

கீழே மில் ஓடத் தொடங்கியது. டீச்சர் ஒரு ஸ்க்ரூவைப் பிடித்தார்.

“வண்டியில எது அவ செஞ்சது? எது நீங்க செஞ்சது?”

“எல்லாம் அவதான் செஞ்சா.”

“ம்.”

“நான் லேசா சரிபண்ணுனேன். ஜாயிண்ட் எல்லாம் கொழகொழன்னு வச்சிருந்தா. ஓடுறப்போ விட்டுப்போச்சுன்னா? எல்லாரும் பாக்கையில நின்னுட்டுன்னா?”

“எப்போ சரிபண்ணுனீங்க?”

“அவ தூங்குன பொறவு.”

டீச்சர் சக்கரத்தைக் கீழே வைத்தார். ஒரு சின்ன மோட்டாரையும் பேட்டரி டப்பாவையும் கொஞ்சம் வயரையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

“இத இணைங்க.”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு மொதல்ல.”

“இணைங்கண்ணே.”

*

டீச்சர் பார்க்கிறார் என்றதும் ஆவுடையப்பன் அவசரமாகப் பற்றவைத்தார். ஈயம் ஒரு பக்கமாக வழிந்தது. ஆனாலும் மோட்டார் சுற்றியது. ஆவுடையப்பன் மூச்சு விட்டார்.

“கீழ முக்குல டீக்கடை இருக்கு. ரெண்டு வாங்கிட்டு வந்துருங்க” என்றார் டீச்சர்.

டீயோடு வந்தார். மோட்டார் அதே இடத்தில் இருந்தது. ஜாயிண்ட் மட்டும் மிளகு போலச் சின்னதாக, உருண்டையாக, பளபளவென்று இருந்தது. வயர் குட்டையாகியிருந்தது.

“இது நான் வச்சது இல்லையே.”

“லேசா சரிபண்ணுனேன்.”

ஆவுடையப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

“நல்லாத்தான் இருக்கு” என்றார்.

“இப்போ இதுக்கு ஒரு சுவிட்ச் வைங்க.”

இந்த முறை இன்னும் கவனமாகச் செய்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார். ஈயம் வழியவில்லை. அவருக்கே பிடித்திருந்தது.

“வடை சூடா இருந்தா வாங்கிட்டு வாங்களேன்.”

“இப்போதானே போயிட்டு வந்தேன்?”

“டீ வெறும் டீயா இருக்குல்லா.”

இறங்கினார். வடைக்காரர் எண்ணெய் வடியட்டும் என்றார். இவர் மாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பொட்டலம் கைக்கு வந்ததும் மேலே வந்த வேகத்தில் ஒரு படியைத் தவறவிட்டு முழங்காலை இடித்துக்கொண்டார்.

சுவிட்ச் வலது பக்கம் போயிருந்தது.

“நான் இடது பக்கமில்லா வச்சேன்!”

“வலது பக்கம்தான் வசதி.”

“யாருக்கு வசதி? எனக்கு இடது கைதானே பழக்கம்? உனக்குத் தெரியாதா? ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்லா?”

டீச்சர் வடையைப் பிட்டார்.

“ஓடுதா இல்லையா?”

சுவிட்சைத் தட்டினார். ஓடியது. முன்பைவிட நன்றாகவே ஓடியது. ஆவுடையப்பனுக்கு முகம் சுருங்கியது.

“சரி, அடுத்து ஒரு பல்பு வைங்க. சின்னதுதான்.”

அவர் மோட்டாரை டீச்சர் பக்கம் தள்ளிவிட்டார்.

“நீயே செஞ்சிரு, பெர்னத். நல்லா வரும்.”

கீழே மில் நின்றது.

ஆவுடையப்பனின் கை மேசைமேல் அப்படியே இருந்தது. தான் சொன்னதை அவர் இப்போதுதான் கேட்டார்.

டீச்சர் வடைப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

“உங்களுக்காவது மாட்டேன், கீழ போகலன்னு சொல்ல வாய் இருக்கு. பாவம், பிள்ள தூங்காம எப்படி இருக்கும்?”

*

கொஞ்ச நேரம் கழித்து ஆவுடையப்பன் துணிப்பையிலிருந்து ஆதிரையின் ரோபோவை எடுத்தார். கையகலப் பலகையில் இரண்டு சக்கரம். வயர்கள் எல்லாம் அளவாக வெட்டி, வரிசையாக மடித்துக் கட்டப்பட்டிருந்தன. முதுகில் சுவிட்ச்.

“எல்லாத்தையும் பழையபடி மாத்தி வச்சிருதேன்” என்றார். “அவ வச்சது எப்படியோ அப்படியே. இப்பவே. அவளுக்குத் தெரியவே வேண்டாம்.”

“வைங்க.”

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினார். இரண்டாவதைக் கழற்றினார். நிறுத்தினார்.

“என்னண்ணே?”

“மொதல்ல எப்படி இருந்துச்சுன்னு…”

“ஞாபகம் இல்லையா?”

“தப்பா இருந்துச்சு. அது நல்லா ஞாபகம் இருக்கு.”

“எப்படித் தப்பா?”

ஆவுடையப்பன் ரோபோவைப் புரட்டினார். கண்ணை மூடித் திறந்தார்.

“சுவிட்சுக்குப் போற வயர் மட்டும் நீளமா விட்டுருந்தா. இம்புட்டு நீளம்.” இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். “விரல் நீளம் போதும் அதுக்கு. தரையில இழுபட்டுச்சு. நான் வெட்டிட்டு சுவிட்ச முதுகுல வச்சேன்.”

“எதுக்கு அம்புட்டு நீளம் விட்டாளாம்?”

விரித்த கைகளை அவர் மெல்ல இறக்கினார்.

“கேட்டீங்களா?”

அவர் இல்லையென்று தலையசைத்தார்.

டீச்சர் எழுந்து சுவரில் தொங்கிய வயர் சுருளைப் பிரித்தார். ஆவுடையப்பன் கை விரித்த அதே நீளத்துக்கு அளந்து வெட்டினார். சுருட்டி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“இத வச்சு நான் என்ன செய்ய?”

“எனக்கென்ன தெரியும்? என் வண்டியா?”

*

சாயங்காலம் ஆதிரை கூடத்தில் படுத்துக்கொண்டு இந்திய வரைபடத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் பக்கத்தில் போய் நின்றார். பிறகு உட்கார்ந்தார். டீச்சர் கொடுத்த வயர்ச் சுருளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“ஆதிரை. சுவிட்ச் வயர ஏன் அம்புட்டு நீளமா விட்ட?”

அவள் வயரைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“தப்புன்னா வேண்டாம்ப்பா.”

“தப்பில்லம்மா. எனக்குத் தெரியல. அதான் கேக்கேன்.”

“நெசமாவே தெரியலையா?”

“நெசமாத்தான்.”

ஆதிரை கேரளத்தைப் பச்சையாக்கி முடித்தாள். பென்சிலை வைத்தாள்.

“சுவிட்ச் என் கையில இருக்கணும்லா. வண்டி போறப்போ நானும் கூடவே நடப்பேன். அது திடீர்னு நின்னுட்டுன்னா டப்புன்னு ஆஃப் பண்ணிருவேன். கேட்டா, நான்தான் நிறுத்துனேம்பேன். அப்போ யாரும் சிரிக்க முடியாதுல்லா?”

ஆவுடையப்பனுக்குப் பழைய கல்லூரி அரங்கு ஞாபகம் வந்தது. ரோபோ நடுவில் நின்றிருந்தது. அவர் ஓரமாக நின்றிருந்தார். இரண்டு கைகளும் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன.

“நின்னுரும்னு உனக்கு யாரு சொன்னா?”

“நீங்கதான். தெனமும் சொல்லுவீங்க. நின்னுட்டுன்னா என்ன செய்ய, நின்னுட்டுன்னா என்ன செய்யன்னு.”

அவர் துணிப்பையிலிருந்து ரோபோவை எடுத்துத் தரையில் வைத்தார். வயர்ச் சுருளைச் சற்றுத் தள்ளி வைத்தார். வயர் வெட்டும் கட்டரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கையிலேயே வைத்துக்கொண்டார்.

“இந்தா பாரு. இந்த வண்டி நிக்காது. நாளைக்கு இப்படியே கொண்டுபோலாம். இல்லன்னா, எல்லாத்தையும் கழட்டிட்டு நீ வச்ச மாதிரியே திரும்ப வை. நீ எப்படி வச்சேன்னு எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். அது ஓடுமா ஓடாதான்னும் எனக்குத் தெரியாது.”

“நின்னுட்டுன்னா?”

அவர் கையிலிருந்த கட்டரைப் பார்த்தார்.

“நின்னா நிக்கட்டும்” என்றார்.

“சிரிப்பாங்களா?”

“சிரிச்சாலும் சிரிப்பாங்க.”

“நான் தூங்குன பொறவு நீங்க மாத்துவீங்களா?”

அவளுக்குத் தெரியாது என்றுதான் அவர் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

“மாட்டேன்.”

ஆதிரை அவர் கையைப் பார்த்தாள்.

எழுந்து வந்து, கட்டரை வாங்கித் தன் பென்சில் டப்பாவுக்குள் வைத்து மூடினாள். பிறகு வயரை எடுத்தாள்.