பட்டவங்க கை தூக்கணும்

குருவுக்கு முப்பத்தாறு வயசு. சீடருக்கு அறுபத்தொன்று. உலகத்தில் இப்படியும் நடக்கத்தான் செய்கிறது.

குரு, கோகிலவாணி டீச்சர். ஒரு காலத்தில் மாவட்ட அணிக்குக் கூடைப்பந்து ஆடியவர். முழங்கால் மக்கர் பண்ணியதால் இப்போது பிள்ளைகளை ஆடவைக்கிறவர். சீடர், சென்னியப்பன். பஸ் டெப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூரில் அவர்கள் குடியிருக்கும் ஹவுசிங் யூனிட்டில் சனி ஞாயிறு பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து லீக் நடக்கும். ஆறு அணி; பத்து வயசிலிருந்து பதிமூன்று வரைக்கும்; ஆணும் பெண்ணும் கலந்து.

கடிகாரம் பார்க்க ஆள் வேண்டும் என்றுதான் சென்னியப்பனைக் கூப்பிட்டார்கள். போன மனுஷன், "டீச்சர், எனக்கும் விசில் ஊதக் கத்துக்குடுங்க" என்று நின்றுவிட்டார். ஒரே வருஷத்தில் நடுவராகவும் ஆகிவிட்டார்.

அந்த லீக்கில் டீச்சர் வைத்தது ஒரே ஒரு விதி. நடுவருக்கு ஆள் கிடைக்காத நாளில் ஏற்பட்ட வழக்கம் அது. பந்து கோட்டுக்கு வெளியே போனால், கடைசியாக யார் மேல் பட்டதோ அந்தப் பிள்ளை தானே கை தூக்க வேண்டும். பந்து எதிரணிக்குப் போய்விடும். யாரையாவது இடித்தாலும் அப்படித்தான், இடித்தவர் கை தூக்க வேண்டும். "பட்டவங்க கை தூக்கணும்." அவ்வளவுதான். அதை எங்கேயும் எழுதிக்கூட வைக்கவில்லை.

எழுதி வைக்காத விதி சென்னியப்பனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. டெப்போவில் எல்லாவற்றுக்கும் நோட்டு உண்டு. முப்பத்திரண்டு வருஷத்தில் தப்பு செய்தவர்கள் எல்லாம் டிரைவர்களும் கண்டக்டர்களும்தான். டைம்கீப்பர் தப்பு செய்ததாக ஒரு பக்கத்திலும் கிடையாது. நோட்டு அவர் கையில் இருந்ததே!

ஒரு சனிக்கிழமை, ஆட்டம் முடிய நாலே விநாடி. இரண்டு அணியும் சமம். பந்து உருண்டு வெளியே போனது. யார் மேல் பட்டது என்று சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. அப்போது கவிநயா கை தூக்கினாள். பன்னிரண்டு வயசு, ஒல்லிக்குச்சி, ஏழாம் நம்பர் ஜெர்சி. பந்து எதிரணிக்குப் போனது. அவர்கள் கூடையில் போட்டார்கள். கவிநயாவின் அணி தோற்றது.

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மாதிரிப் பிள்ளைக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்தார். மறுநாள் காலையில் டீச்சரிடம் நீட்டினார்.

"கை தூக்கற ஒவ்வொரு வாட்டிக்கும் ஒரு நேர்மைப் புள்ளிங்க டீச்சர். வருசக் கடைசில அதிகப் புள்ளி எடுத்த டீமுக்குத் தனியா ஒரு கோப்பை. கோப்பை நான் வாங்கித் தந்தர்றேன்."

டீச்சர் படித்துப் பார்த்தார். "நல்ல மனசுங்கண்ணா உங்களுக்கு" என்றார். "நடத்திப் பாருங்க."

நடத்தினார். மூன்றே வாரம்தான்.

முதல் வாரம் பிள்ளைகள் நிறையக் கை தூக்கினார்கள். சென்னியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது வாரம் படாதவர்களும் தூக்கினார்கள். மூன்றாவது வாரம் பந்து அந்தக் கோடியில் வெளியே போக, இந்தக் கோடியில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த பையன் கை தூக்கினான். ஒருத்தன் இரண்டு கையையும் தூக்கினான், இரண்டு புள்ளி கிடைக்குமாம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாக்கள், "தூக்குடா, தூக்குடா!" என்று கத்தினார்கள். நல்ல கூத்து.

அந்த ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பனுக்குத் தலைக்கு மேல் எரிச்சல். அந்த நேரம் பார்த்து ஒரு பந்து வெளியே போனது. எதிரணிப் பையன் அஸ்வந்த் மேல் பட்டுத்தான் போனது என்று அவர் கையைக் காட்டிவிட்டார். பந்து கவிநயாவின் அணிக்கு. ஆனால் கவிநயா கை தூக்கிக்கொண்டு நின்றாள்.

"கையை இறக்கு கண்ணு" என்றார் சென்னியப்பன். "நடிச்சது போதும்."

நாற்காலிகளில் சிரிப்பு. யாரோ, "புள்ளி வேணுமாம் புள்ளி!" என்றார்கள்.

கவிநயா கையை இறக்கினாள். அழவில்லை. கடைசி விசில் வரைக்கும் ஓடினாள். ஆட்டம் முடிந்ததும் பனியனுக்கு மேல் போட்டிருந்த ஜெர்சியைக் கழற்றி, நாலாக மடித்து, கடிகார மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சென்னியப்பன் மேஜையை மடக்கும்போது அஸ்வந்த் வந்து நின்றான்.

"சார், அவ விரல்ல பட்டுச்சு."

"என்னடா சொல்ற?"

"நெசமாத்தான் சார். நான் பக்கத்துலதான இருந்தேன்."

"அப்பவே ஏண்டா வாயத் தொறக்கல?"

"சொன்னா, பந்துக்காகப் பொய் சொல்றேன்னு சொல்லுவீங்க சார்."

அவன் போய்விட்டான். சென்னியப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு பொட்டைப் பிள்ளையைப் பத்துப் பேர் முன்னால் பொய்க்காரி ஆக்கிவிட்டோமே என்று ஜெர்சியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் ஜெர்சியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். அம்மா, "வாங்க சார், உக்காருங்க" என்றாள். கவிநயா சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள், வெளியே வரவில்லை.

சென்னியப்பன் கதவைப் பார்த்துப் பேசினார். "கண்ணு, அஸ்வந்த் சொல்லிப்போட்டான். உம்மேல தப்பில்ல. உங்க டீமுக்கு அஞ்சு நேர்மைப் புள்ளி சேத்துப் போட்டர்றேன். ஞாயித்துக்கெழம கடைசி ஆட்டம். வந்துரு சாமி."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "புள்ளிக்காகத்தான் தூக்குனேன்னு சொன்னீங்கல்ல சார். இப்ப புள்ளி வாங்கிக்கிட்டா அது நெசமாயிரும்ல?"

அம்மா, "ஏய், பெரியவங்ககிட்ட..." என்று இழுத்தாள்.

"விடுங்கம்மா" என்றார் சென்னியப்பன். காப்பி கொடுத்தார்கள். பாதி குடித்துவிட்டு எழுந்தார். ஜெர்சியைக் கொண்டுபோனபடியே திருப்பிக் கொண்டுவந்தார்.

கோகிலவாணி டீச்சர் மைதானத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, கிழிந்த வலையை வளையத்தில் கட்டிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"புது விதி ஒண்ணு எழுதிட்டு வந்திருக்கேனுங்க டீச்சர்."

"படிங்க."

"பொய்யாகக் கை தூக்குபவரின் அணிக்கு மூன்று புள்ளி குறைக்கப்படும். உண்மையாகக் கை தூக்கியவரைச் சந்தேகிக்கும் நடுவர், எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும்."

"யாருக்கு எழுதிக் குடுக்கோணும்?"

"லீக் கமிட்டிக்குங்க."

"கமிட்டில யாரு?"

சென்னியப்பன் கொஞ்சம் யோசித்தார். "நீங்களும் நானுந்தானுங்க."

டீச்சர் சிரிக்கவில்லை. இன்னொரு முடிச்சுப் போட்டார். "அண்ணா, நேத்து ஆட்டத்துல மொத்தம் எத்தன ஃபவுல்?"

"பதினாலுங்க. நோட்டுல இருக்குது."

"பதினஞ்சு."

சென்னியப்பன் நோட்டை எடுத்து விரல் வைத்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பதினாலுதான்.

"யாருங்க டீச்சர் அந்தப் பதினஞ்சாவது?"

"நான் எப்படிங்கண்ணா சொல்றது? பட்டவங்கதான் கை தூக்கணும்."

சென்னியப்பன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். டீச்சர் இறங்கும்வரை ஸ்டூலை விடாமல் பிடித்திருந்தார்.

அந்த வாரம் முழுக்க மன்னிப்பை ஒரு தாளில் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார். மன்னிப்புக் கேட்பது பெரிய காரியமா என்று நமக்குத் தோன்றும். அறுபத்தொரு வயசில், அத்தனை வீட்டுக்காரர்கள் முன்னால், அதுவும் ஒரு நாளும் தன் பெயரை நோட்டில் ஏற்றாத மனுஷன் நின்று பார்த்தால்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கவிநயாவின் அணியில் ஐந்தே பேர் இருந்தார்கள், மாற்றுக்கு ஆளில்லை. ஏழாம் நம்பர் ஜெர்சியைச் சென்னியப்பன் அவர்கள் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். கவிநயாவைக் காணோம். வேலிப் பக்கம், தண்ணீர்த் தொட்டிப் பக்கம், எல்லாம் பார்த்துவிட்டார். காணவே காணோம்.

பிள்ளைகள் நடுக்கோட்டில் வந்து நின்றார்கள். சென்னியப்பன் பந்தை மேலே போடவில்லை. விசிலை நீளமாக ஊதினார். நாற்காலிகளில் பேச்சு நின்றது.

பையிலிருந்த தாளை எடுத்தார். எழுதி வைத்திருந்ததைப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டார். பிறகு வலது கையைத் தூக்கினார். தோள்பட்டை வலி இருக்கிறவர், கை பாதிதான் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாகத் தூக்கினார்.

"போன வாரம் கவிநயா விரல்ல பந்து பட்டுச்சுங்க" என்றார். "அந்தப் பிள்ளை உள்ளதச் சொல்லித்தான் கை தூக்குச்சு. நடிக்கறேன்னு சொன்னது நான். தப்பு என்னுது. புள்ளிக்குக் கை தூக்கச் சொல்லி இந்தப் பிள்ளைகளையெல்லாம் கெடுத்ததும் நாந்தானுங்க. அந்த விதி இன்னியோட இல்ல. கோப்பையும் இல்ல."

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, பக்கத்தில் யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். சென்னியப்பன் கையை இறக்கவில்லை. எப்போது இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மேஜையில் உட்கார்ந்திருந்த டீச்சர் போன வாரத்து நோட்டைத் திறந்து ஒரு கோடு போட்டார்.

"பதினஞ்சு. எழுதியாச்சுங்கண்ணா. ஆட்டத்த ஆரம்பிங்க."

ஆட்டம் ஆரம்பித்தது. ரொம்ப நேரம் ஒருத்தரும் கை தூக்கவில்லை. தூக்கினால் என்ன நினைப்பார்களோ என்று பிள்ளைகளுக்குக் கூச்சம். பாதி ஆட்டம் முடியப்போகும்போது அஸ்வந்த் ஒருத்தியை இடித்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கை தூக்கினான். சென்னியப்பன் தலையை ஆட்டி, பந்தை எதிரணிக்குக் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

இடைவேளை. கவிநயாவின் அணி ஆறு புள்ளி பின்னால் இருந்தது. பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார்கள். சென்னியப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார்.

டீச்சர் எழுந்து வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், பெஞ்சின் ஓரத்தில், காலையில் ஜெர்சி இருந்த இடம் காலியாக இருந்தது. டீச்சர் மறைத்து நின்றதால் சென்னியப்பனுக்கு அது தெரியவில்லை.

"டீச்சர்" என்றார், குரலைத் தாழ்த்தி. "அந்தப் பிள்ளை வந்துச்சுங்களா? நான் கை தூக்குனத எங்கியாச்சும் நின்னு பாத்துச்சுங்களா?"

டீச்சர் பாட்டில் மூடியைத் திருகினார்.

"அது பாக்கோணும்னுங்களாண்ணா தூக்குனீங்க?"

சென்னியப்பன் துண்டை மேஜையில் வைத்துவிட்டு விசிலை எடுத்தார். இரண்டாவது பாதியை ஆரம்பிக்க நடுக்கோட்டுக்கு நடந்தார்.